பத்து படாத பை

உங்கள் வீட்டுச் சமையலறைக்குள் மாடி வீட்டுப் பழைய சாதம் மிதந்து வந்ததுண்டா? பாலிதீன் பைக்குள், இறுக்கி முடிச்சுப் போட்டு, பலூன் மாதிரி உப்பிக்கொண்டு?

எங்கள் வீட்டில் வந்தது. போன வருஷம் ஆகஸ்ட் மழையில். தில்லி லக்ஷ்மிபாய் நகரில் எங்களுடையது கீழ்த்தள கவர்மெண்ட் குவார்ட்டர்ஸ். சமையலறைப் பின்கதவைத் திறந்தால் சந்து, சந்தின் ஓரத்தில் திறந்த சாக்கடை. அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தபோது கதவுக்கு அடியிலிருந்து கறுப்பாக ஏதோ கசிந்தது. என்னவென்று பார்க்க நான் கதவைத் திறந்ததுதான் தாமதம், சாக்கடை மொத்தமும் சாவகாசமாக உள்ளே நடந்து வந்தது. கூடவே அந்தப் பை. நேராக அடுப்பு மேடைக்குக் கீழே போய் முட்டிக்கொண்டு நின்றது. உள்ளே சாம்பார் சாதம். புளித்து நுரை கட்டியிருந்தது. நாற்றத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. சாப்பிட்டுவிட்டுப் படிப்பவர்கள் இருப்பீர்கள்.

அம்மா அழவில்லை. களைந்த அரிசியை அப்படியே கொட்டினாள். தண்ணீர் வடிந்தபின் தரையை மூன்று முறை தேய்த்துக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு அப்பாவிடம் சொன்னாள்: "இன்னொரு தடவை இந்தத் தண்ணி உள்ள வந்துதுன்னா, இந்த அடுப்படில நான் சமைக்க மாட்டேன். வராந்தால ஸ்டவ்வ வெச்சுண்டு பொங்கறேன். தெருவே வேடிக்கை பார்க்கட்டும்."

அம்மா சொன்னால் செய்வாள். குளிக்காமல் அந்த அறைக்குள் காலே வைக்காதவள். என்னையே பாதி நாள் வாசலில் நிறுத்தி வைத்துத்தான் காபி தருவாள்.

மறுநாள் ஒட்டடைக் கம்பை எடுத்துக்கொண்டு நானே சாக்கடையில் இறங்கினேன். பாட்டனி ஹானர்ஸ் படிக்கிறவளுக்கு வேறென்ன உத்தியோகம்? அடைத்திருந்தது பூராவும் பாலிதீன் பை. ஒவ்வொன்றாகக் குத்தி இழுத்தேன். ஒன்றிரண்டு கிழிந்து காலில் கொட்டின. காபிச் சக்கை, கறிவேப்பிலை, மென்று துப்பிய முருங்கைக்காய். எதிர் வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி மூக்கைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"யே சப் தும்ஹாரே மதராஸி லோகோன் கா ஹை, பேட்டி," என்றாள். முருங்கைச் சக்கையைக் காட்டி, "யே லக்டி ஹம் நஹீன் காத்தே!"

இதெல்லாம் உங்கள் மதராஸிகளுடையதுதானாம், அந்தக் குச்சியெல்லாம் தாங்கள் தின்பதில்லையாம். உண்மைதானே. அந்தப் பைகளில் இருந்தது அத்தனையும் நம்மவர்கள் சாப்பாடு.

எண்பத்திரண்டில் ஏஷியாட் விளையாட்டு வந்துபோன பிறகு தில்லிக்குக் கலர் டி.வி. வந்தது, ஃப்ளைஓவர் வந்தது, இந்தச் சனியனும் வந்தது. அதற்கு முன்னால் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனால் துணிப்பை, எண்ணெய்க்குத் தூக்கு, பருப்புக்குக் காகிதப் பொட்டலம், அதன்மேல் சணல். இப்போது கால் கிலோ சேப்பங்கிழங்குக்கு ஒரு பை, கறிவேப்பிலைக்கு ஒரு பை, எல்லாப் பையையும் போட ஒரு பெரிய பை. நான் துணிப்பையை நீட்டினால் கடைக்காரருக்குச் சிரிப்பு.

"என்ன பாப்பா, ரேஷன் கடைக்குன்னு நெனச்சு இங்க வந்துட்டீங்களா? பாலிதீன் தைலி ஃப்ரீ பாப்பா, ஃப்ரீ!"

"ஃப்ரீன்னா நீங்களே வெச்சுக்கோங்க அண்ணா. எங்க வீட்டுக்கு மெதந்தே வருது."

அவருக்குப் புரியவில்லை. கறிவேப்பிலையைப் பையில் போட்டு, அந்தப் பையை என் துணிப்பைக்குள் போட்டார்.

சரி, கடைக்காரர் கொடுக்கிறார். ஆனால் எங்கள் மாமிகள் ஏன் அதைக் கட்டித் தழுவிக்கொண்டார்கள் என்பதுதான் அசிங்கம். பத்து என்று ஒன்று உண்டு, தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சமைத்த சாதம், குழம்பு எல்லாம் பத்து. அதைத் தொட்ட கையோடு மோரைத் தொடக்கூடாது, ஊறுகாய் ஜாடியைத் தொடக்கூடாது. மிஞ்சிய சாதத்தைத் தூக்கிக்கொண்டு காலனி முனையிலிருக்கும் குப்பைத்தொட்டி வரை போவதென்றால் போகிற வழியெல்லாம் பத்து, திரும்பி வந்து கால் கழுவ வேண்டும். பாலிதீன் பை வந்தது, விமோசனம் வந்தது. உள்ளே போட்டு முடிச்சுப் போட்டால் பத்து வெளியே வராது. பால்கனியிலிருந்து கையை விட்டால் போதும். ஆசாரம் மேலே, அழுகல் கீழே.

எங்கள் தலைக்கு நேர் மேலே இருந்த மாமியிடம் போனேன். மாமா ஏதோ அமைச்சகத்தில் அண்டர் செக்ரட்டரி. மாமி மடிசாரில், கையில் உத்தரணியோடு கதவைத் திறந்தாள்.

"மாமி, பையப் பின்னாடி போடாதீங்கோ. எங்காத்து அடுப்படிக்குள்ள வரது."

"நானா? நான் முடிச்சுன்னா போட்டுப் போடறேன்!"

"முடிச்சுப் போட்டா மறைஞ்சுடுமா மாமி? மாடிப்படில மூடி போட்ட வாளி ஒண்ணு வெக்கறேன். அதுல கொட்டுங்கோ. தெனம் நானே எடுத்துண்டு போய்த் தொட்டில போட்டுடறேன்."

மாமி என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். "எச்சலும் பத்துமா ஒரு வாளியக் கொண்டுவந்து படில வெப்பியா? ஏறி எறங்கறவா தாண்ட மாட்டாளா? காலேஜ்ல இதத்தான் சொல்லித் தராளாடி?"

"காலேஜ்ல சாக்கடை எப்டி அடைச்சுக்கறதுன்னு சொல்லித் தரா."

"வாய் மட்டும் நன்னா வளர்ந்திருக்கு. பாலிதீனுக்குப் பத்து கெடையாதுடி அசடே. ஒங்கம்மாவக் கேளு."

அம்மாவைக் கேட்டேன். "அது வாஸ்தவந்தான்," என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்புறம் நவராத்திரி வந்தது. இந்த முறை நம் வீட்டில் பாலிதீன் நுழையாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். சுண்டலுக்கு மந்திர் மார்க் பக்கத்திலிருந்து தொன்னை வாங்கி வந்தேன், இலையில் தைத்தது. தாம்பூலத்துக்குத் துணியில் நானே தைத்த சுருக்குப்பை. அம்மாவுக்கு உள்ளூர உதறல்தான்; மற்ற வீடுகளில் பிளாஸ்டிக் டப்பா, பிளாஸ்டிக் குங்குமச் சிமிழ் என்று ஜமாய்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாமிகள் வந்தார்கள், பாடினார்கள். மாடி மாமி தொன்னையைக் கையில் வாங்கி, எடை பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்தாள்.

"என்னடி இது, சாட்வாலா கிட்டேர்ந்து வாங்கிண்டு வந்தியா? எண்ணெ கசிஞ்சு பட்டுப்பொடவை பாழாயிடுமே."

கைப்பையைத் திறந்து ஒரு பாலிதீன் பையை உருவினாள். சுண்டலை அதில் கொட்டினாள். முடிச்சுப் போட்டாள். தொன்னையை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். அதைப் பார்த்து இன்னொரு மாமியும் கைப்பையைத் திறந்தாள். எல்லோரிடமும் இருந்தது! கர்ச்சீப் வைத்துக்கொள்வது மாதிரி மடித்து வைத்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலத்திலிருந்தே மூட்டம். போகிற மழை ஒரு கடைசி உதை உதைத்துவிட்டுப் போவோம் என்று கொட்டித் தீர்த்தது. மாமிகளால் கிளம்ப முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் சமையலறைப் பக்கமிருந்து அந்த நாற்றம். அடுத்த நிமிஷம் தண்ணீர் கூடத்துக்கே வந்துவிட்டது. பட்டுப்புடவைகள் முழங்கால் வரை ஏறின. ஒரு மாமி நாற்காலிமேல் ஏறி ராமா ராமா என்றாள். கொலுப்படிக்குக் கீழே பார்க் என்று நான் மணல் கொட்டி, கடுகு முளைக்க வைத்திருந்த இடத்தில் ஒரு பை வந்து தங்கியது. கிழிந்த வாய் வழியாக முருங்கைக்காய்ச் சக்கை எட்டிப் பார்த்தது.

"ஐயய்ய, எல்லாம் அந்த எதிராத்துப் பஞ்சாபி பண்றது," என்றாள் மாடி மாமி.

"பஞ்சாபி எப்பலேர்ந்து மாமி முருங்கக்கா சாம்பார் வெக்க ஆரம்பிச்சா?" என்றேன்.

அம்மா குனிந்தாள். பத்து, எச்சில் என்று எதையும் நுனிவிரலால் கூடத் தொடாத அம்மா, வெறும் கையால் அந்தப் பையைத் தூக்கினாள். கறுப்பாகச் சொட்டியது. வெற்றிலை பாக்கு வைத்திருந்த தாம்பாளத்தில், மஞ்சள் கிழங்குக்குப் பக்கத்தில் வைத்து, தாம்பாளத்தை மாடி மாமியிடம் நீட்டினாள்.

"எடுத்துக்கோங்கோ மாமி. உங்காத்துதுதான். நீங்களே வெச்சுக்கோங்கோ."

மாமிக்கு முகம் செத்துவிட்டது. நனைந்த புடவையோடு கொட்டுகிற மழையிலேயே படியேறிப் போனாள். என் அம்மாவா இது என்று எனக்கு விசில் அடிக்கத் தோன்றியது.

மறுநாளே ஸ்டவ் வராந்தாவுக்கு வந்தது. போகிற வருகிறவர்கள் பார்க்கப் பார்க்க அம்மா அங்கே உட்கார்ந்து ரசம் வைத்தாள். அது வேலை செய்தது. சந்தில் பை விழுவது நின்றது. தினம் காலையில் நான் போய்ப் பார்ப்பேன். சாக்கடையில் தண்ணீர் சலசலவென்று ஓடியது. தை பிறந்ததும் அம்மா சமையலறைக்குத் திரும்பினாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று காலேஜ் சிநேகிதிகளிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

அந்தப் பைகள் எங்கே போகின்றன என்று நான் யோசிக்கவே இல்லை. போன வாரம்தான் தெரிந்தது. காலை வாக்கிங் கிளம்பிய மாடி வீட்டு மாமாவின் கையில் ஒரு பை தொங்கியது. பின்னாலேயே போனேன். குப்பைத்தொட்டியைத் தாண்டி நடந்தார். அடுத்த பிளாக்கின் பின்சந்தில் கையை வீசுகிற மாதிரி வீசினார், பை போய்விட்டது. அவருக்குப் பின்னால் இன்னொரு மாமா. அவருக்குப் பின்னால், மங்கி கேப் போட்டுக்கொண்டு, என் அப்பா.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினேன். அம்மா அடுத்த பையை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நம்மாத்துக்குள்ள வரல்லியோன்னோ? விடு. பத்துக் கையோட இருக்கேன், என்னை இழுக்காதே."

"அங்கயும் கீழாத்துல ஒருத்தி சமைக்கறாம்மா!"

"அவா பத்தெல்லாம் பாக்க மாட்டா."

நேற்று ராத்திரியிலிருந்து குளிர்கால மழை விடவில்லை. அடுத்த பிளாக்கின் கீழ்வீட்டுச் சமையலறையில் இப்போது கணுக்கால் வரை தண்ணீர் நிற்கிறது.