அக்காவின் பையில் ஒரு புதுச் சாவி

காப்பீட்டு அலுவலகத்தில் அவருக்குத் துப்பு என்று பெயர். எரிந்துபோன கடை தானாக எரிந்ததா, எரிக்கப்பட்டதா என்று நேரில் போய்ப் பார்த்து எழுதுவதுதான் வாழ்நாள் வேலை. பெண் வீட்டாரைத் துருவித் துருவி விசாரித்ததில் அவருக்குக் கல்யாண வயது கடந்துவிட்டது. ஓய்வு பெற்ற பிறகும் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. கணவர் இறந்தபின் தம்பியோடு வந்து தங்கிய அக்கா மட்டும், கோபம் வந்தால் அதோடு ‘கெட்டவன்’ என்று சேர்த்துக்கொள்வாள்.

அந்த அக்கா சனிக்கிழமைகளில் ஓவியப் பட்டறைக்குப் போகத் தொடங்கினாள். காலையில் ஜப்பானிய மரக்கட்டை அச்சு, மதியம் பட்டுத்துணியில் வண்ணம். இந்த வயதில் திடீரென்று எதற்கு? சொல்லிக்கொடுக்கும் பெண்மணியின் பேச்சில் தேன் ஒழுகியது. தனியாக இருக்கும் பெண்களை இப்படித்தான் வளைப்பார்கள். துப்புக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. அடுத்த வாரமே அவரும் சேர்ந்தார்.

ஜப்பானில் எந்த ஊர், யாரிடம் படித்தீர்கள் என்று அந்தப் பெண்மணியைக் குடைந்தார். அவள் உளியைக் கையில் கொடுத்து, “முதல்ல இதப் பிடிங்க சார், விரல் பத்திரம்” என்றாள். நழுவுகிறாள் என்று மனதில் குறித்துக்கொண்டார்.

ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கட்டை. தாளின் மூலை ஒவ்வொரு முறையும் கட்டை ஓரத்தில் செதுக்கிய வெட்டில் சரியாக உட்கார வேண்டும். கண் முழுக்க அக்காவின் மேசை மேல் இருந்ததால், அவர் அச்சடித்த இலையின் பச்சை கோட்டைத் தாண்டி வெளியே நின்றது. மதியம், சட்டத்தில் இழுத்துக் கட்டிய பட்டில் அக்கா மெழுகால் கோடு போட்டாள். பக்கத்தில் இரண்டு பெண்கள் அவளோடு குசுகுசுத்தார்கள். இவர் கிட்டே போனதும் பேச்சு, “இந்த நீலம் நல்லாருக்குல்ல?” என்று மாறியது.

மூக்குக்கண்ணாடியை எடுத்துத் தரச் சொன்னாள் அக்கா. பையில் கைவிட்டால் ஒரு புதுச் சாவி. தங்கள் வீட்டுப் பூட்டுக்கு அப்படிச் சாவி கிடையாது. அவர் கேட்கவில்லை, கேட்டால் உஷாராகிவிடுவார்கள்.

வகுப்பு முடிந்ததும் தலைவலி என்று சொல்லி முன்னால் கிளம்பி, எதிர்ப்புற மருந்துக்கடையில் நின்றார். அக்கா, அந்த இரண்டு பெண்கள், பட்டறைக்காரி நான்கு பேரும் இரண்டு தெரு தள்ளி ஒரு மாடிக் கட்டடத்துக்குள் போனார்கள். பின்னாலேயே ஏறிக் கதவைத் தட்டினார்.

திறந்தவள் அக்கா. முகத்தில் ஆச்சரியமே இல்லை. உள்ளே சாமான் இல்லாத அறைகள். பட்டறைக்காரி திரை போடுவதற்கு ஜன்னலை அளந்துகொண்டிருந்தாள்.

“யார் வீடு இது?”

“வாடகை வீடு. என்கூட வரைய வர்ற இவங்க ரெண்டு பேரும் நானும் சேர்ந்து எடுத்திருக்கோம். அடுத்த மாசம் நான் இங்க வந்துடறேன்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“காய் வாங்கிட்டு வந்தாக்கூட எந்த வழியா வந்தேன்னு கேக்கறே. பதில் சொல்லிச் சொல்லி ஓய்ஞ்சுட்டேன் தம்பி.”

ஏதோ மறைக்கிறார்கள் என்று அவர் நினைத்தது சரிதான். வேலையில் இருந்த காலத்தில் அப்படிச் சரியாகிப்போனால் நெஞ்சு நிமிரும். இப்போது நிமிரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்தார், தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தார். “இது சரியா விழல. மாத்தித் தரேன்” என்றார்.

மாற்றியும் கொடுத்தார். வீடு மாறும் நாளில் பெட்டிகளைத் தானே இறக்கினார். வண்டி ஓட்டுநரிடம் மட்டும் உரிமத்தை வாங்கிப் பார்த்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள், போகிறார். அங்கே பக்கத்து வீட்டுக்காரர் மேல் அவருக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. இன்னும் அக்காவிடம் சொல்லவில்லை.