சுல்மீராவின் வாசலில் ஒரு மழைத்தோட்டம்

பிரேசிலில் பெலோ ஒரிசோன்ச்சி நகரத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கிற புனித ரீத்தா தெருவில், அந்த நாட்களில் சனிக்கிழமை விடிந்தால் சோப்பு வாசனை ஆளைத் தூக்கும். வீட்டுக்கு வீடு ரப்பர் குழாய் வெளியே வந்துவிடும். பெண்கள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு, அவரவர் வீட்டு முன் நடைபாதையைத் தேய்த்துக் கழுவுவார்கள். ஒரு வீட்டு ரேடியோவில் பாட்டு வந்தால் எதிர்வீட்டுக்காரி துடைப்பத்தோடு சேர்ந்து பாடுவாள். யார் வீட்டில் யார் வந்து தங்கினார்கள், யார் பெண்ணுக்கு நிச்சயமானது, எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

தெரு மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்குகிற தெரு. பள்ளத்தில் கடைசி வீடு சுல்மீராவுடையது. மேலே இருந்து வருகிற நுரை முழுவதும் அவள் வாசலைத் தாண்டித்தான் போகும்.

“மேட்டு வீட்டு அழுக்கெல்லாம் என் வாசல்லதான் வந்து பாவசங்கீர்த்தனம் பண்ணுது” என்று அவள் சத்தம் போடுவாள்.

“நீதான் எங்க சாமியார். மன்னிச்சு அனுப்பு, கொமாத்ரி” என்பாள் மூன்று வீடு தள்ளி இருக்கிற இவொனேச்சி. இவொனேச்சியின் மகளுக்கு சுல்மீரா ஞானத்தாய். பிள்ளையின் தாயும் ஞானத்தாயும் ஒருவரை ஒருவர் கொமாத்ரி என்றுதான் கூப்பிடுவார்கள். இவர்களும் முப்பது வருஷமாக அப்படித்தான்.

மற்றவர்கள் ஒரு மூடி சோப்போடு நிறுத்துவார்கள். சுல்மீரா ஒரு முழு பாட்டில் ப்ளீச்சைக் கவிழ்ப்பாள். கல் வெளுத்து, கண் எரிந்தால்தான் அவளுக்குச் சுத்தம் என்று மனசில் படும். கழுவி முடித்து, ஈரக் கையோடு சிலுவை போட்டுக்கொண்டு, காப்பி வைக்கப் போவாள்.

அடெமாரைக் கட்டிக்கொண்டு அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது தெரு வெறும் செம்மண். மழை பெய்தால் முழங்கால் வரை சேறு, ஆனால் வெயில் வந்த அரை நாளில் மண் எல்லாவற்றையும் குடித்துவிடும். பிறகு சதுரக் கல் பதித்தார்கள். கல் இடுக்கில் புல் முளைத்தது. வேலை விட்டு வந்த அடெமார் குந்தி உட்கார்ந்து அதைப் பிடுங்குவார், பிடுங்கிக்கொண்டே அவளிடம் மில் கதையெல்லாம் சொல்வார். அதற்கும் பிறகு தார் வந்தது. அன்றைக்குத் தெருவுக்கே கல்யாணம். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். சுல்மீரா மூன்று தட்டு மக்காச்சோள மாவு கேக் சுட்டுக் கொடுத்தாள். பிள்ளைகள் கருப்பாக மினுங்குகிற ரோட்டில் வெறுங்காலோடு ஓடி ஓடி வந்தார்கள்.

அதை அடுத்து வந்த ஜனவரியில்தான் முதல் முறையாக வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. மண் குடித்த தண்ணீரைத் தார் குடிக்கவில்லை. மேட்டில் விழுந்த மழை முழுவதும் வழுக்கிக்கொண்டு வந்து பள்ளத்து வீட்டில் புகுந்தது. அப்புறம் ஒன்றுவிட்டு ஒரு வருஷம் அதே கதைதான். மெத்தை போயிற்று. தையல் மிஷின் போயிற்று. ஒரு ஜனவரியில் கல்யாண ஆல்பமும் ஊறிப்போனது. பக்கம் பக்கமாகப் பிரித்துக் கொடியில் காயப் போட்டபோது, எல்லார் முகமும் இருந்தது, அடெமார் முகத்தை மட்டும் தண்ணீர் கொண்டுபோயிருந்தது. அப்போது அடெமார் உயிரோடு இருந்தார். “நல்லதாப் போச்சு, அன்னைக்கு நான் முடி வெட்டிக்கவே இல்ல” என்று சிரித்தார். அவர் போன பிறகு அந்தச் சிரிப்பை நினைத்து அவள் எத்தனையோ தடவை அழுதிருக்கிறாள்.

மகன் வாண்டர்லேய் சாவோ பாவ்லோவில் இருந்தான். தனியாக இருக்கிற அம்மாவைத் தன் பிளாட்டுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வாய் வலித்துப்போன அவன், கடைசியாக ஒரு வார்த்தை வாங்கினான்.

“இன்னொரு தடவை வீட்டுக்குள்ள தண்ணி வந்தா வீட்ட வித்துட்டு என்கூட வந்துடணும். அப்பரெசீதா மாதா படத்துல கை வச்சுச் சொல்லும்மா.”

சுல்மீரா கை வைத்துச் சொன்னாள். மாதா முன்னால் கொடுத்த வார்த்தையை அவளால் மீற முடியாது.

அதே வருஷம்தான் நகரசபை மழைத்தோட்டம் போடப்போகிறோம் என்று வந்தது. பங்குக் கூடத்தில் கூட்டம். லீஜியா என்கிற இன்ஜினியர் பெண் படம் போட்டுக் காட்டினாள். ரோட்டு ஓரக் கல்லை இடையிடையே வெட்டுவது, தாரைப் பெயர்த்துப் பதினொரு குழி எடுப்பது, அடியில் ஜல்லி, மேலே மணல், அதற்கு மேல் மண், மண்ணில் கல்வாழையும் கோரையும். ரோட்டில் ஓடுகிற தண்ணீர் வெட்டு வழியாகக் குழிக்குள் போய் அங்கேயே இறங்கிவிடும்.

மேட்டில் பார் வைத்திருக்கிற ஜுவெனால் எழுந்தார். “அப்ப என் கடைக்கு வர்றவன் கார எங்க நிறுத்துவான்? கல்வாழை மேலயா? கொசுவுக்குப் பங்களா கட்டிக் குடுக்கிறீங்க, அவ்வளவுதான்.”

கூடம் சிரித்தது. சுல்மீரா ஒருநாளும் கூட்டத்தில் பேசாதவள். அன்றைக்கு எழுந்து நின்றாள். “ஜுவெனாலண்ணே, உங்க ஆளுங்க நடந்து வரட்டும். போகும்போது எப்படியும் தள்ளாடித்தானே போறாங்க. கடைசிக் குழிய என் வாசல்ல போடுங்கம்மா. பெரிசாப் போடுங்க.”

போட்டார்கள். அடுத்த ஜனவரியில் மூன்று நாள் மழை. தண்ணீர் வந்தது, குழி குழியாக இறங்கியது, அவள் வாசல் குழியில் சுழன்று அடங்கிப்போனது. காய்ந்த தரையில் மண்டிபோட்டு அவள் ஒரு முழு ஜெபமாலை சொன்னாள்.

ஆனால் மழைக்காலம் முடிந்து இரண்டு மாதத்தில் அவள் குழியின் செடிகள் மஞ்சளாயின. பிறகு கருகின. வேர் செத்த மண் இறுகிப்போய், ஊற்றிய தண்ணீர் இறங்காமல் நின்றது. கொசு வந்தது. ஜுவெனாலுக்குச் சொல்லவா வேண்டும், மனு எழுதிப் போட்டார். அடுத்த மழைக்குள் குழி சரியாகாவிட்டால் மூடித் தார் போட்டுவிடுவோம் என்று நகரசபையிலிருந்து கடிதம் வந்தது.

சுல்மீராவுக்குச் சோறு இறங்கவில்லை. குழி மூடினால் தண்ணீர் உள்ளே வரும். தண்ணீர் வந்தால் வீடு போயிற்று. யார் இதைச் செய்தது? யோசித்து யோசித்து அவளே முடிவு கட்டினாள். நேராக மேட்டுக்கு ஏறி, பாரில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும்போதே கேட்டாள்.

“மீன் பொரிச்ச எண்ணெயக் கொண்டுவந்து என் குழியில ஊத்துறது நீங்கதானே?”

ஜுவெனால் முகம் சுருங்கியது. “தோட்டம் வேணாம்னு சொன்னேன், ஒத்துக்கறேன். ஆனா அடெமார் வாசல்ல எண்ணெய் ஊத்துறவனா நான்? அவர் சவப்பெட்டிய என் தோள்லதான் தூக்கினேன், டோனா சுல்மீரா.”

எப்போதும் சுல்மீரா என்று கூப்பிடுகிறவர், அன்னியப் பெண்ணிடம் பேசுகிற மாதிரி மரியாதைக்கு டோனா போட்டுப் பேசினார். அது அவளுக்கு உறைக்கவில்லை. விறுவிறுவென்று இறங்கி வந்தாள்.

லீஜியா மண்ணைப் பார்க்க வருவதாகச் சொன்னது ஒரு சனிக்கிழமை. பார்க்க வருகிற பெண் முகம் சுளிக்கக் கூடாதே என்று சுல்மீரா அன்றைக்கு இன்னும் சீக்கிரம் எழுந்தாள். நடைபாதையைக் கழுவினாள். குழி ஓரத்தில் நாய் அசிங்கம் பண்ணியிருந்தது. அங்கே ஒரு பாட்டில் ப்ளீச். போதாது என்று பட்டு, இன்னொன்று. வெள்ளை நுரை நடைபாதையிலிருந்து வழிந்து, ஓரக் கல்லில் வெட்டிய வாய் வழியாகக் குழிக்குள் கொப்பளித்துப் போனது.

லீஜியா வந்து நின்றதை அவள் பார்க்கவில்லை. நிமிர்ந்தபோது அந்தப் பெண் நுரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டோனா சுல்மீரா, இது வாரா வாரமா?”

“நாப்பது வருஷமா, கண்ணு. ஒரு சனிக்கிழமை விட்டதில்ல. இவர் செத்த வாரங்கூட.”

லீஜியா குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து அவளிடம் நீட்டினாள். சுல்மீரா முகர்ந்தாள். அவள் வீட்டுத் தரையின் வாசனை, துணியின் வாசனை, ஞாயிற்றுக்கிழமையும் அவள் கையை விட்டுப் போகாத ப்ளீச் வாசனை. குழாய் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்து தன்பாட்டுக்குத் தண்ணீரைக் கொட்டியது.

“நானா?” என்றாள்.

“மழைத்தண்ணி மட்டும் வரும்னு நெனச்சுதான் வரஞ்சோம். சனிக்கிழமைய நாங்க கணக்குல எடுக்கல. தப்பு எங்க மேலயும் இருக்கு.”

அந்த ஆறுதல் அவளுக்கு ஏறவில்லை. உள்ளே போய் மாதா படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு மேட்டுக்கு நடந்தாள். பாரில் அதே பத்துப் பேர்.

“ஜுவெனாலண்ணே, ஊத்தினது நான்தான். எண்ணெய் இல்ல, ப்ளீச். எல்லார் முன்னாடியும் உங்களச் சொன்னேன். எல்லார் முன்னாடியுமே மன்னிப்புக் கேக்கறேன்.”

ஜுவெனால் ஒரு கிளாஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார், அது என்றைக்கோ காய்ந்துவிட்டது. “உக்காரு, சுல்மீரா. காப்பி குடி. என் பாத்திரத்தையும் அப்படி வெளுக்கத் தேய்க்க ஆள் தேடிட்டிருக்கேன்.”

டோனா போய்விட்டது. அவளுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

அடுத்தது இன்னும் கஷ்டம். வீடு வீடாகப் போய் நுரை விடாதீர்கள் என்று கேட்க வேண்டும், அதுவும் அவள். “நுரை இல்லாமக் கழுவினா அது கழுவினதா, கொமாத்ரி? மாமியார் வந்தா என்ன சொல்வா?” என்றாள் இவொனேச்சி. “என் வீடு போயிடும், கொமாத்ரி” என்றாள் சுல்மீரா. இவொனேச்சியே கூட வந்து மிச்ச வீட்டுக் கதவுகளைத் தட்டினாள்.

செப்டம்பரில் ஆட்கள் வந்து செத்த மண்ணை அள்ளிப் புது மண் போட்டார்கள். சுல்மீரா தன் கையாலேயே கல்வாழை நட்டாள். சனிக்கிழமைகளில் தெருவில் காய்ந்த துடைப்பச் சத்தம் மட்டும் கேட்டது. சீக்கிரம் முடிந்துவிடும். பாட்டு ஒரு பல்லவி தாண்டுவதற்குள் எல்லாரும் உள்ளே போய்விடுவார்கள். சில வாரம் பெருக்கி முடித்த பிறகும் அவள் வாசலில் சும்மா நிற்பாள், யாராவது மேலே இருந்து ஏதாவது கத்துவார்களா என்று.

ஜனவரி வந்தது. நான்கு நாள் விடாத மழை. நான்காம் நாள் மத்தியானம் தண்ணீர் ஓரக் கல்லைத் தாண்டி, வாசலின் முதல் படியைத் தொட்டது. வாண்டர்லேய் போனில் இருந்தான்.

“படிக்கு வந்துடுச்சா? பஸ் ஏறட்டுமா?”

“இரு.”

இரண்டாம் படியும் பாதி நனைந்தது, அதற்கு மேலே வீட்டு நிலைப்படிதான். சுல்மீரா கதவைப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டு நின்றாள். கல்வாழை இலைகள் தண்ணீருக்கு மேலே ஆடின. தண்ணீர் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பிறகு குழிக்குள் களக் களக் என்று ஒரு சத்தம். இரண்டாம் படி முழுசாகத் தெரிந்தது. கால் மணி நேரத்தில் முதல் படியும்.

“அம்மா? இருக்கியா?”

“இருக்கேன்.”

“வரட்டுமா?”

“வா. என்னக் கூட்டிட்டுப் போக இல்ல, சாப்பிட வா.”

அவன் ஞாயிற்றுக்கிழமை வந்தான். பூசைக்குப் போய் வந்து, அவள் கோழியும் வெண்டைக்காயும் ஆக்கிப் போட்டாள். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான். வீட்டை விற்கிற பேச்சை அவன் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. சாப்பிட்ட இடத்திலேயே நாற்காலியில் தூங்கிப்போன மகனுக்கு அவள் ஒரு போர்வையைப் போர்த்திவிட்டு, சத்தம் கேட்காமல் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போனாள்.