பாஸ்கரன் எரிக்காத படகு

செவ்வாய்க்கிழமை காலை முகத்துவாரக்குப்பத்திலிருந்து செல்வி போனில் கூப்பிட்டாள். "யக்கா, நம்ம டைரக்டரு பூட்டாரு. நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறப்பவே..."  போனை வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஒரே ஒரு படம் எடுத்தவர் என்று இயக்குநர் பாஸ்கரன் அவர்களைப் பத்திரிகைகள் இரண்டு வரியில் முடித்துவிடும். அந்த ஒரு படம் என் கதை. ஆகவே மூன்றாவது வரியை நான்தான் எழுத வேண்டியிருக்கிறது.

துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நான் எழுதிய மாயக்கதை மொத்தம் ஏழு பாகம். கடல் நடுவே தீவுகள், பேசும் திமிங்கிலம், செத்த பிறகும் ஆட்சியை விடாத ராஜா, கடல் கடந்து போகும் ராணி, வம்சம் வம்சமாகச் சண்டை. இதைப் படமாக்குகிறேன் என்று வடசென்னையில் டோல்கேட் பக்கம் இருந்த என் வீட்டுக்கு அவர் வந்தபோது கையில் ஒரு காகிதம்கூட இல்லை. எம்.கே.பி. நகரில் பிறந்து வளர்ந்து, நெடுங்காலம் உதவி இயக்குநராகவே இருந்தவர். சினிமாக்காரர்கள் வழக்கப்படி உட்கார்ந்து, முழுக் கதையையும் வாயாலேயே சொன்னார். என் மூன்று இளவரசர்கள் ஒருவராகியிருந்தார்கள். திமிங்கிலம் எங்கே என்று கேட்டேன்.

"அது பேசுனதெல்லாம் ராணியாண்ட குட்த்துட்டேன் யக்கா."

கோபம் வந்தது. ஆனால் எழுந்து போக மனம் வரவில்லை, அவ்வளவு அழகாகக் கதை சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். கடைசியில் ராணி, சொந்த ஊருக்குத் திரும்ப இருக்கும் ஒரே கப்பலைத் தன் கையாலேயே கொளுத்திவிட்டு அந்நியக் கரையில் தங்கிவிடுவாள். அதில் மட்டும் கை வைக்கக் கூடாது என்றேன். வாக்குக் கொடுத்தார்.

பழைய விசைப்படகு ஒன்றை வாங்கி, பலகை அடித்து, ராணியின் கப்பலாக்கி முகத்துவாரத்தில் நிறுத்தியிருந்தார்கள். கடைசிக் காட்சி எடுக்கும் நாள். கதாநாயகியின் கால்ஷீட் அன்றோடு முடிகிறது. மாலை வெளிச்சத்தில் கொளுத்த வேண்டும். நாங்கள் சாப்பிடப் போன நேரத்தில், கரைக்குப் புதுப் படகு வந்தால் என்ன செய்வார்களோ அதைக் குப்பத்துப் பெண்கள் செய்துவிட்டார்கள். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டிவிட்டார்கள். எரியப் போகிற படகு என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

மண்ணெண்ணெய் டின் இறங்கியதும் அந்தப் பெண்களில் ஒருத்தியான செல்வி குறுக்கே வந்து நின்றாள். "பூஜை போட்ட படகு சார். இத்த கொளுத்துனா எங்க ஆம்பளைங்க எப்டி கடலுக்குப் போவாங்கோ?" அவள் பின்னால் குப்பமே நின்றது. சிலர் கையில் துடுப்பு இருந்தது. போலீஸைக் கூப்பிட்டாவது கொளுத்து, இன்று எடுக்காவிட்டால் படமே கிடையாது என்று தயாரிப்பாளர் செல்போனில் கத்தியது எனக்கே கேட்டது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

பாஸ்கரன் என்னிடம் வந்தார். 

"வாக்கு குட்த்தேன் யக்கா. ஆனா கொளுத்த மாட்டேன்."

"கப்பல் இருந்தா அவ திரும்பிப் பூடுவாளே. அப்புறம் என் கதைல இன்னா கீது?"

"எரிச்சிட்டா, வேற வழியில்லாம இருந்துட்டான்னு ஆய்டும். படகு அப்டியே கீது, ஆனா அவ ஏறல. அதான் யக்கா கஷ்டம்."

"திரும்பிப் பாத்தா?"

"பாக்கட்டும். பாத்துட்டு நடக்கட்டும்."

 "எடு" என்றேன். வெளிச்சம் போவதற்குள் ஒரே டேக்கில் எடுத்தார். ராணி ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு நடந்தாள்.

படம் சுமாராகத்தான் ஓடியது. நெருப்பில்லாத கிளைமாக்ஸ் என்று கேலி செய்தவர்கள் அவருக்கு அடுத்த படம் தரவில்லை. அதைச் சொல்லி அவர் ஒரு நாளும் குறைபட்டதில்லை. எனக்குத்தான் இன்றும் வயிறு எரிகிறது. மறுபதிப்பில் என் கடைசி அத்தியாயத்தை அவர் எடுத்தபடியே மாற்றி எழுதினேன். படித்துவிட்டு, "திமிங்கிலத்த மட்டும் வுட்டுடாதீங்க யக்கா" என்று சிரித்தார். படப்பிடிப்பு முடிந்ததும் குப்பத்துக்கே விட்டுவிட்ட அந்தப் படகில் செல்வி வீட்டார் இன்றும் மீன் பிடிக்கிறார்கள்.

சுடுகாட்டுக்குப் பெண்கள் வரக் கூடாது என்றார்கள். செல்வியும் நானும் போனோம். பாஸ்கரனின் மகன் கொள்ளி வைத்தபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்குக் குறுக்க நின்னேன். இன்னிக்கு நிக்க முடியலியே யக்கா."

திரும்பிப் பார்க்காமல் போங்கள் என்று யாரோ சொன்னார். பாஸ்கரன், நான் திரும்பிப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் நடந்தேன்.