மாரக்காள் சூடம் அணைத்த கதை

மாரக்காளின் வாய்க்கு ஜலகண்டாபுரத்தில் பயப்படாதவர் இல்லை. கூழ் விற்கிறவளுக்கு இத்தனை வாய் எதற்கு என்று முணுமுணுத்துப் போனவர்களும், மறுநாள் காலையில் கலயத்தோடு அவளுடைய புளியமரத்தடியில்தான் வந்து நின்றார்கள். வேறு வழியில்லை. அவள் கம்பில் கல் கிடக்காது, மோர் நீர்த்துப் போகாது. தறிக்குழியில் விடியலிலிருந்து கால் மிதித்தவனுக்கு அவளுடைய கூழ் ஒரு கலயம் உள்ளே போனால்தான் மறுபடி குழியில் இறங்கத் தெம்பு வரும். அவளும் பொய் பேச மாட்டாள். திட்டுவாள், சாபம் விடுவாள், ஆனால் இல்லாததைச் சொல்ல மாட்டாள். அது ஊருக்கே தெரியும். அந்தப் பெயர்தான் பிற்பாடு அவளைக் கெடுத்தது.

சாவு விழுந்த வீட்டில் பிணம் எடுக்கும் வரைக்கும் அடுப்பு மூட்டக் கூடாது. அப்படி ஒரு வீடு மூன்று தெருவில் எங்கே இருந்தாலும் முதலில் மாரக்காளுக்கு ஆள் வரும். அவள் ஒரு பானைக் கூழைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விடுவாள். காசு வாங்க மாட்டாள். அழுது ஓய்ந்து கிடக்கிறவளை நிமிர்த்தி உட்கார வைத்து, "போனவங்க போயிட்டாங்க, இருக்கறவ ஒரு வாய் முழுங்கு சாமி" என்று கலயத்தை உதட்டில் வைப்பாள். அதட்டியாவது குடிக்க வைத்துவிட்டுத்தான் திரும்புவாள். அவள் வாய்க்கு ஊரில் மரியாதை இருந்ததே அந்தப் பானையால்தான்.

முப்பத்தேழாம் வருஷம் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. கள்ளுக்கடையில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த தங்கசாமி வேலையற்றுப் போனான். மாரக்காள் மனம் குளிர்ந்து போனாள். அவள் புருஷன் தீர்த்தகிரி பன்னிரண்டு வருஷம் தன் கூலியில் பாதியை அந்தத் தங்கசாமியின் கையில்தான் கொடுத்துவிட்டு வந்தான். ஆனால் அவளுடைய குளிர்ச்சி பத்து நாள் நீடிக்கவில்லை. ஒரு டீ கம்பெனியின் மாட்டுவண்டி பித்தளை பாய்லரோடு ஊருக்குள் வந்து, எட்டு நாள் எல்லாருக்கும் இலவசமாக டீ ஊற்றியது. ஓசியில் கிடைத்தால் எனக்கொன்று, எங்கப்பனுக்கொன்று என்கிற ஊர்தானே. வரிசையில் நின்று குடித்தார்கள், கசக்கிறது என்று துப்பினார்கள், மறுபடி வரிசையில் நின்றார்கள்.

தன் கூழுக்கு எதிரியாக வந்தவன் என்னதான் ஊற்றுகிறான் என்று பார்க்க மாரக்காளும் ஒரு தம்ளர் வாங்கிக் குடித்தாள். அன்று ராத்திரி அவளுக்குக் கண் மூடவில்லை. விடிந்த பிறகு கூழைப் பார்த்தால் பசியும் இல்லை. இது விஷம்தான் என்று முடிவு கட்டிவிட்டாள்.

ஒன்பதாம் நாள் வண்டி போயிற்று. பாய்லரைக் கம்பெனிக்காரனிடமிருந்து வாங்கிக்கொண்டு தங்கசாமி புளியமரத்துக்கு எதிரிலேயே கடை போட்டான். காசு கொடுத்து ஒருவன் குடிக்கவில்லை. அவன் பாட்டுக்கு ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். மாரக்காள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஒரு மாசத்தில் பாய்லரைத் தூக்கிக்கொண்டு மேட்டூர்ப் பக்கம் போயிருப்பான். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அவளால் எப்படிச் சும்மா இருக்க முடியும்? கள்ளு ஊற்றின கை இப்போது கருந்தண்ணி ஊற்றுகிறது, அதுவும் கண்ணெதிரில். கூழ் விற்று முடித்ததும் தறித்தெருவில் வாசல் வாசலாக நின்று சொல்ல ஆரம்பித்தாள்.

"அதைக் குடிச்சிராதீங்க. தூக்கம் செத்துப் போயிரும். பசி செத்துப் போயிரும்."

குழந்தைவேல் தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்தான். கூலிக்கு நெய்கிறவன். வீட்டில் ஆறு குழந்தைகள். தினமும் அவளிடம் முதல் கலயம் வாங்குகிறவன் அவன்தான்.

"ஏனுங்கக்கா, நெசமாலுமே தூக்கம் வராதுங்களா?"

"ஆந்தையாட்ட முழிச்சுக்கிட்டுக் கெடப்பே."

"பசியும் எடுக்காதுங்களா?"

"வவுறு காஞ்சு கெடந்தாலும் உனக்குத் தெரியாது சாமி. நான் குடிச்சுப் பாத்துட்டுத்தான் சொல்றேன்."

"சத்தியமாவா?"

மாரக்காளுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. அவள் சொல்லுக்கு இதுவரை யாரும் சத்தியம் கேட்டதில்லை. குழந்தைவேலின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்கு நடந்தாள். தெரு முழுக்கப் பின்னால் வந்தது. அம்மன் முன்னால் சூடத்தைக் கொளுத்தி, "இதைக் குடிச்சவனுக்குத் தூக்கமும் வராது, பசியும் எடுக்காது. இது பொய்யின்னா என் கண்ணு அவிஞ்சு போகட்டும்" என்று உள்ளங்கையால் அடித்து அணைத்தாள்.

தீபாவளிக்கு அப்போது இருபது நாள் இருந்தது. செவ்வாய்ப்பேட்டை ஜவுளிக்காரர்கள் சரக்கு எங்கே, சரக்கு எங்கே என்று ஆள் மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ராத்திரியில் விளக்கு வைத்து நெய்கிறவன் ஊடு நூல் ஓட்டும் நாடாவைக் கையில் பிடித்தபடியே தூங்கி விழுந்தான். வீட்டுக் கம்போ ஆறு வாய்க்கே பற்றவில்லை. இப்படிப்பட்டவனிடம் வந்து, தூக்கம் வராது, பசி எடுக்காது என்று ஒருத்தி அம்மன் மேல் ஆணையாகச் சொன்னால் அவன் எங்கே போவான்? குழந்தைவேல் கோயிலிலிருந்து நேராகத் தங்கசாமி கடைக்குப் போனான். அவன் பின்னால் தெரு போயிற்று.

கம்பெனிக்காரன் எட்டு நாள் ஓசியில் ஊற்றியும் நடக்காதது ஒரு கட்டிச் சூடத்தில் நடந்தது. ருசி, வாசனை, நாகரிகம் என்று ஆயிரம் சொல்வார்கள், அதெல்லாம் சும்மா. ஒரு பழக்கம் ஊரைப் பிடிக்க வேண்டுமானால் ஊருக்கு எங்கே வலிக்கிறதோ அங்கே போய் உட்கார வேண்டும். அந்த இடத்தை மாரக்காளே விரல் வைத்துக் காட்டிக் கொடுத்தாள்.

"மாரக்காள் சூடம் அணைச்ச டீ" என்று தங்கசாமி கூவி விற்றான். அவள் அகப்பையை வீசி எறிந்தாள். அது பாய்லரில் பட்டு ஒடுக்கு விழுந்தது. அந்த ஒடுக்கைக் காட்டியும் நாலு தம்ளர் விற்றான் அந்தப் பாவி. தீபாவளி போயிற்று, டீ போகவில்லை. தறி இல்லாதவனும் குடித்தான். பக்கத்து வீட்டுக்காரன் குடிப்பதால் குடித்தான். மூன்று பானைக் கூழ் ஒரு பானையாயிற்று. "என் ஊட்டு வாசப்படியை அந்தக் கருந்தண்ணி தாண்டுச்சுன்னா நான் மாரக்காள் இல்ல" என்று நடுத்தெருவில் நின்று சபதம் போட்டாள். தீர்த்தகிரியும் வீட்டில் டீப் பேச்சே எடுக்கக் கூடாது.

நாற்பத்து மூன்றாம் வருஷம், உலகச் சண்டைக் காலம். கம்பு கண்ணில் படவில்லை. கூழ்ப்பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். இரண்டு வருஷமாக எளவு வீடுகளிலிருந்தும் அவளுக்கு ஆள் வரவில்லை. ஊரில் சாவே விழவில்லை என்று நினைத்துக்கொள்ள அவள் முட்டாள் இல்லை. அந்த ஆடியில் தீர்த்தகிரி மூன்று நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான்.

பள்ளிபாளையத்தில் கட்டிக் கொடுத்த மகள் அத்தாயி வந்து சேர வேண்டும் என்று பிணத்தை மறுநாள் வரைக்கும் வைத்திருந்தார்கள். மாரக்காள் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். முந்தின நாளிலிருந்து பல்லில் தண்ணீர் படவில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவள் கண் பிணத்தின் மேல் இல்லை, வாசல் மேல் இருந்தது. மூன்று தெருவுக்குப் பானை சுமந்தவள். ஒருத்தியாவது அரைக் கலயம் கஞ்சி கொண்டு வர மாட்டாளா?

விடிகிற நேரத்தில் வாசலில் பாத்திரச் சத்தம் கேட்டது. நிமிர்ந்தாள். பாய்லரைத் தூக்கிக்கொண்டு தங்கசாமி வாசப்படியைத் தாண்டி உள்ளே வந்தான். அந்த ஒடுக்கு அப்படியே இருந்தது. ராமுழுக்க விழித்திருந்தவர்கள் தம்ளருக்குக் கை நீட்டினார்கள்.

"எவன்டா அதை உள்ள கொண்டாறச் சொன்னது?"

"நாந்தானுங்கக்கா" என்றான் குழந்தைவேல். ஆறு வருஷ டீயில் ஆள் பாதியாகியிருந்தான். கேலி செய்யத் தெரியாதவன். "ராத்திரி கண்ணு மூடக் கூடாது. அடுப்புப் பத்த வெக்கவும் கூடாது. எளவு ஊட்டுக்கு இதை உட்டா வேற என்னங்க இருக்குது? நீங்க சூடம் அணைச்சுச் சொன்னதுதானுங்களே."

தங்கசாமிக்கு யாரோ காசு நீட்டினார்கள். "எளவு ஊட்டுல வாங்கறதில்லீங்க. அக்காகிட்டக் கத்துக்கிட்டது" என்று சொல்லிவிட்டு, வெல்லம் போட்ட டீயை ஒரு தம்ளரில் ஊற்றிக்கொண்டு அவள் முன்னால் வந்து குந்தினான்.

"போனவங்க போயிட்டாங்க. இருக்கறவங்க ஒரு வாய் முழுங்குங்கக்கா."

அவனையும் அவன் பரம்பரையையும் சொல்லாத வார்த்தை சொல்லித் திட்டினாள். அவள் உதட்டில் வைத்த தம்ளரை அவன் எடுக்கவில்லை. அந்த வித்தையும் அவளுடையதுதான். திட்டி முடித்துவிட்டு மடக் மடக்கென்று முழுதும் குடித்தாள். நேற்றிலிருந்து வயிற்றைப் பிறாண்டிக்கொண்டிருந்த பசி கொஞ்ச நேரத்தில் செத்துப் போயிற்று. அவள் சத்தியம் பொய்க்கவில்லை. அதன் பிறகுதான் மாரக்காள் வாய்விட்டு அழுதாள். புருஷனுக்காக அழுகிறாள் என்று நினைத்து எல்லாரும் அவளோடு சேர்ந்து அழுதார்கள்.