கேட்காமல் வைத்த தட்டு

இந்திரகுமாருக்கு உலகத்தில் இரண்டு வகை மனிதர்கள்தான். தட்டை முன்னால் வைத்ததும் கையை நீட்டுகிறவர்கள். விலையைக் கேட்டுவிட்டு நீட்டுகிறவர்கள். மூன்றாவது வகை ஒன்று இருப்பது அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. அது தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து கவுன்டரில் திருப்பி வைத்தது. பெயர் விஜயகலா. மருத்துவம் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள்.

அவர் பிறந்தது பெல்மதுளைக்கு மேலே ஓர் இறப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அப்பா மரத்தில் பால் வெட்டினார். மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. மழை பெய்யாத மாதமும் அந்தப் பக்கம் இல்லை. இந்திரகுமார் மலைக்கு வேலைக்குப் போகாமல் பெல்மதுளைச் சந்திக்கு இறங்கினார். அங்கே ஒரு முஸ்லிம் ஹோட்டலில் சேர்ந்தார். தேநீரும் சோறும் விற்கிற கடைக்கு அந்தப் பக்கத்தில் ஹோட்டல் என்றுதான் பெயர்.

தூரத்து பஸ்கள் அந்த வாசலில்தான் நிற்கும். இறங்கி வருகிறவன் உட்காருவதற்கு முன்பே மேசையில் தட்டு இருக்க வேண்டும். ரோல்ஸ், பெட்டிஸ், உளுந்து வடை, மீன் பணிஸ். யாரும் கேட்டு வைப்பதில்லை. தின்றதற்கு மட்டும் காசு. மீதியோடு தட்டு அடுத்த மேசைக்குப் போகும். பஸ்காரன் ஹோர்ன் அடிக்கும்போது தட்டை ஒரு பார்வை பார்த்து, என்ன போயிருக்கிறது என்று சொல்லத் தெரிய வேண்டும். இந்திரகுமார் சொன்னதை யாரும் மறுத்ததில்லை. பாதி ஆயுள் அதில் கழிந்தது.

தட்டு வைக்காத கடையை அவர் கடையென்று ஒப்புக்கொள்ள மாட்டார். வந்தவனை நம்பாதவன்தான் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்துக்கொண்டு என்ன வேண்டும் என்று கேட்பான் என்பார்.

பிறகு இரத்தினபுரிப் பக்கம் ஒரு மருத்துவ மாணவர் விடுதியின் கென்டீன் அவருக்குக் கிடைத்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் பெயரில் ஒன்று. வருடத்துக்கு ஒருமுறை, சித்திரையில், விடுதிப் பொறுப்பாளரான வாடன் சேர் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக் கொடுக்க வேண்டும். அது நின்றால் மறுபடி இன்னொருவன் கடையில் தட்டுத் தூக்க வேண்டியதுதான். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு சித்திரைக்கும் முன்னால் தூக்கம் மட்டும் கெட்டது.

மாணவர்கள் மேல் அவருக்கு மரியாதை எதுவும் இல்லை. காலையில் வெறும் வயிற்றோடு வார்டுக்கு ஓடுவார்கள். வெயில் ஏறியபின் வெள்ளைக் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நாற்காலிகளில் விழுவார்கள். கண் போனில் இருக்கும், கை தட்டுக்குப் போகும். மத்தியானச் சோற்றைத் தள்ளிப்போட்டு மாலையில் கொத்து ரொட்டி. பரீட்சைக் காலத்தில் சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணியும் பாக்கெட் நூடில்ஸும். இதயக் குழாய் எப்படி அடைக்கிறது என்று ஒருவன் இன்னொருவனுக்குச் சொல்லிக்கொடுத்தபடியே அடுத்த ரோலைக் கடிப்பான். இவர்களும் பஸ்ஸில் வந்தவர்கள்தான் என்று இந்திரகுமார் நினைத்துக்கொண்டார். பஸ் மட்டும் ஐந்து வருடம் நிற்கிறது.

விஜயகலா அவருடைய தோட்டம். மேல் டிவிசன். அவளுடைய அப்பா சின்னத்தம்பி இந்திரகுமாரோடு தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவர். சீனி வியாதியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. தோட்டத்திலிருந்து மருத்துவத்துக்கு ஒரு பிள்ளை வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டபோது இந்திரகுமாருக்கு உண்மையாகவே சந்தோஷம். முதல் நாள் அவள் கூட்டாளிகளோடு கென்டீனுக்குள் வந்ததும், நம்ம சின்னத்தம்பி மகள்தானே என்று உரக்கக் கேட்டு, இருந்ததில் சூடான தட்டை அவள் முன்னால் கொண்டுபோய் வைத்தார். அவள் தட்டை விரலால் தள்ளினாள். வேண்டாம் என்று சிங்களத்தில் சொன்னாள். கூட்டாளிகள் எல்லோரும் சிங்களப் பிள்ளைகள்.

தோட்டத்தில் என்றால் அவள் அவரை மாமா என்று கூப்பிட வேண்டும். சிங்களப் பிள்ளைகள்கூடக் குமார் அய்யா, அண்ணா என்று கூப்பிட்டார்கள். அவள் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. கென்டீனில் சாப்பிடவும் இல்லை. அறையில் பயறு அவித்துத் தின்கிறாள் என்று பேச்சு.

மூன்றாம் வருடத்தில் அவர்களுக்கு ஒரு ஆய்வு கொடுத்தார்கள். மற்றக் குழுக்கள் ஊர்களுக்குப் போயின. விஜயகலாவின் குழு விடுதியையே எடுத்துக்கொண்டது. இடுப்பை அளந்தார்கள், எடை நிறுத்தார்கள், பிரஷர் பார்த்தார்கள். விடுதிக்கு வந்தபோது இருந்ததைவிட முக்கால்வாசிப் பேர் பெருத்திருந்தார்கள். இருபத்து மூன்று வயதில் சிலருக்குப் பிரஷர் மாத்திரை தேவைப்பட்டது. அவள் வாடன் சேரிடம் போய் ஒன்றே ஒன்று கேட்டாள். எண்ணெயில் பொரிக்க வேண்டாம் என்று கேட்கவில்லை. ரோல்ஸை நிறுத்தச் சொல்லவில்லை. தட்டை மட்டும் மேசைக்கு அனுப்ப வேண்டாம் என்றாள். வேண்டியவன் கவுன்டருக்கு எழுந்து வந்து பெயர் சொல்லிக் கேட்கட்டும். கேட்டு வாங்குகிறவன் ஒன்று வாங்குவான். முன்னால் இருந்தால் மூன்று தின்பான்.

இதை வாடன் சேர் சொல்லக் கேட்டபோது இந்திரகுமாருக்குக் காது சுட்டது. நஞ்சு விற்கிறாய் என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பார். தட்டில் கை வைத்துவிட்டாள்.

அவர் தட்டை நிறுத்தவில்லை. விஜயகலா ஒவ்வொரு நாளும் இடைவேளைக்கு வந்தாள். மேசை மேசையாகப் போனாள். நீண்டிருக்கிற கைகளுக்கு நடுவிலிருந்து தட்டுகளைத் தூக்கிக் கவுன்டரில் அடுக்கினாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் அதே தட்டுகளைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தார்.

"டொக்டரம்மா வாறாங்க, எல்லாரும் வாய மூடிக்குங்க" என்பார், தமிழிலும் சிங்களத்திலும். பிள்ளைகள் சிரிப்பார்கள். அவள் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. அதுதான் அவரை அதிகம் எரித்தது. ஏசினால் ஏசலாம். இவள் அவரை மேசை நாற்காலி மாதிரி சுற்றிக்கொண்டு போனாள்.

வாடன் சேருக்குத் தலையிடி. சித்திரை வரை தட்டு இல்லாமல் நடத்திப் பாருங்கள், அதைப் பார்த்துத்தான் புதுப்பிப்பது என்று சொல்லிவிட்டார்.

இந்திரகுமார் தலையாட்டினார். மறுநாள் எல்லா மேசையிலும் தட்டு இருந்தது. கழுவித் துடைத்த வெறும் தட்டு. பசியோடு வந்து விழுந்தவர்கள் அதைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள். இது யார் உத்தரவு என்று அவர் சொல்லத் தேவைப்படவில்லை. வாரம் முடிவதற்குள் விஜயகலாவுக்கு வெறுந்தட்டு என்று சிங்களத்தில் பெயர் விழுந்தது. விரிவுரை மண்டபத்தில் அவள் இருக்கைக்கு முன்னால் யாரோ ஒரு காகிதத் தட்டை ஒட்டிவைத்தார்கள். அவளோடு வந்த கூட்டாளிகள் ஒவ்வொருத்தியாக வேறு மேசைக்குப் போனார்கள். இந்திரகுமார் கவுன்டரில் நின்று இதையெல்லாம் பார்த்தார். மனதுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் வியாபாரம் விழுந்தது. எழுந்து வந்து கேட்டவர்கள் உண்மையிலேயே ஒன்றுதான் கேட்டார்கள்.

சித்திரைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சனிக்கிழமை பெல்மதுளைக்குப் போனார். பழைய ஹோட்டலை இப்போது முதலாளியின் மகன் முஹ்ஸின் நடத்தினான். சமையலறைப் பக்கம் உட்கார்ந்து அவனோடு பேசிக்கொண்டிருந்தபோது, கவுன்டருக்கு அந்தப் பக்கத்தில் சுவரோர மேசையில் விஜயகலா இருந்தாள். வீட்டுக்குப் போகும் பை மடியில். முன்னால் தட்டு. அவள் தட்டைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு தின்றாள். ஒன்று முடியும்போது கை தானாக அடுத்ததற்குப் போனது. மென்று முடிப்பதற்குள் அடுத்தது வாயில் இருந்தது. தட்டு தள்ளிப் போனபோது சுண்டுவிரலால் கிட்ட இழுத்துக்கொண்டாள்.

"யாரு அந்தப் புள்ள?" என்று தெரியாதவர் மாதிரிக் கேட்டார்.

"ஒங்க தோட்டம்தான். சனிக்கெழம சனிக்கெழம வரும்" என்றான் முஹ்ஸின். "பேசாது. தட்டப் பாத்துத்தான் காசு வாங்குறது."

இந்திரகுமாரும் தட்டைப் பார்த்தார். ஐந்து போயிருந்தது. அவள் வெளியேறும் வரை தூணுக்குப் பின்னால் நின்றார். பஸ்ஸில் திரும்பும்போது வழி முழுக்க அந்த எண்ணை நாவில் வைத்துக்கொண்டு வந்தார்.

வாடன் சேர் முடிவு சொல்லக் கென்டீனுக்கே வந்தார். இடைவேளை, மேசைகள் நிறைந்திருந்தன. விஜயகலா தனியாகக் கதவோரம் நின்றாள். வாடன் சேர் இரண்டு பக்கத்தையும் பேசச் சொன்னார். பிள்ளைகள் தட்டைத் திரும்பக் கேட்டுக் குரல் கொடுத்தார்கள். வெறுந்தட்டு என்று யாரோ பின்னாலிருந்து சொல்ல, சிரிப்பு எழுந்தது. இந்திரகுமார் அந்தச் சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தார். அவளிடம் எப்போதும் தமிழில்தான் பேசியவர், எல்லோருக்கும் விளங்க வேண்டும் என்று அன்றைக்குச் சிங்களத்தில் கேட்டார். சனிக்கிழமை பெல்மதுளையில் எத்தனை ரோல்ஸ் தின்றாய், ஐந்துதானே என்று.

அவள் முகத்தில் இரத்தம் இல்லை. ஓடப்போகிறாள் என்று நினைத்தார். அவள் கவுன்டருக்குக் கிட்ட வந்தாள். தமிழில் பேசினாள்.

"அஞ்சு, மாமா. சரியாத்தான் எண்ணியிருக்கீங்க."

அவர் வாயைத் திறந்தார். அவள் விடவில்லை.

"நான் ஒன்னுகூடக் கேக்கல. தட்டு முன்னுக்கு இருந்திச்சு. சின்னதுல அப்பாகூடக் கிளினிக்குக்குப் போயிட்டு வரும்போதும் அதே மேசைதான். சீனி கூடியிருக்குன்னு டொக்டர் ஏசி அனுப்பியிருப்பாங்க. அப்பா பால் போடாத பிளேன்டி மட்டும்தான் கேப்பாரு. நீங்க தட்டக் கொண்டாந்து வைப்பீங்க. அப்பயும் சரியாத்தான் எண்ணுனீங்க."

பிறகு வாடன் சேரிடம் திரும்பி அதையே சிங்களத்தில் சொன்னாள். அப்பாவின் காலைப் பற்றியும் சொன்னாள். அழவில்லை. பாடம் ஒப்புவிக்கிற குரலில் சொன்னாள். தன்னால் ஒரு தட்டுக்கு முன்னால் உட்கார முடியாது, எங்கே நிறுத்துவது என்று கைக்குத் தெரியாது, இங்கே இருக்கிற பாதிப் பேருக்கும் அப்படித்தான், அளந்து பார்த்தாயிற்று என்றாள். சிரித்தவர்கள் யாரும் இப்போது சிரிக்கவில்லை. ஆனால் ஒருத்தரும் எழுந்து அவள் பக்கம் போகவும் இல்லை.

வாடன் சேர் புதுப்பிக்கச் சம்மதித்தார். தட்டு ஒருபோதும் மேசைக்கு வராது என்று ஒரு நிபந்தனை சேர்த்தார். கென்டீன் கைக்கு வந்துவிட்டது, தலையாட்டினால் போதும். இந்திரகுமார் விஜயகலாவைப் பார்த்தார். அவள் முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் தலையாட்ட அவருக்கு வரவில்லை.

"வந்தவனுக்குத் தட்டு வைக்காத கட எனக்கு வேணாம் சேர்" என்றார்.

சித்திரைக்குப் பிறகு கென்டீனை வேறொருவர் எடுத்தார். அங்கே இப்போது எழுந்து போய்த்தான் கேட்க வேண்டும். சாயந்தரம் கேற்றுக்கு வெளியே ஒரு வேன் வந்து நின்று கொத்துப் போடுகிறது. அதைச் சுற்றி வெள்ளைக் கோட்டுகள். விஜயகலாவை இன்னமும் வெறுந்தட்டு என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இந்திரகுமார் முஹ்ஸினின் ஹோட்டலில் தட்டுத் தூக்குகிறார். ஒரு காலத்தில் இவர் மடியில் தூக்கி வைத்திருந்த முஹ்ஸின் இப்போது கவுன்டரில் இருந்து, அந்த மேசையைப் பாருங்க என்று விரலைக் காட்டுகிறான். சனிக்கிழமைகளில் தோட்டத்து பஸ் வரும்போது அவர் வாசலைப் பார்ப்பார். அவள் இறங்குவதில்லை. ஜன்னலோரம் இருந்தாலும் மறுபக்கம் திரும்பிக்கொள்வாள்.

கிளினிக் நாளொன்றில் சின்னத்தம்பி வந்தார். ஊன்றுகோல்களைச் சுவரில் சாய்த்துவிட்டு அதே சுவரோர மேசையில் உட்கார்ந்தார். சீனி போடாமல் ஒரு பிளேன்டி கேட்டார். கென்டீனைப் பற்றியோ மகளைப் பற்றியோ எதுவும் பேசவில்லை.

இந்திரகுமார் தேநீரோடு நின்றார். மற்றக் கையில் தட்டு. வைக்காமல் திரும்பிப் போகலாம். போனால் அவள் சொன்னது சரி. தட்டை வைத்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கிட்டவே வைத்தார்.

பஸ் ஹோர்ன் அடித்தபோது சின்னத்தம்பி வாயைத் துடைத்துக்கொண்டு ஊன்றுகோலை எடுத்தார். இந்திரகுமார் தட்டைப் பார்த்தார். நான்கு போயிருந்தது. சின்னத்தம்பி நான்குக்கும் காசை மேசையில் வைத்தார்.

"மக கேட்டா ரெண்டுன்னு சொல்லு."

"ஒம்மக எங்கிட்ட எங்க பேசப் போவுது" என்றார் இந்திரகுமார். தட்டை எடுத்தார். குறைந்ததற்குச் சூடான நான்கை வைத்து, அடுத்த மேசைக்குக் கொண்டுபோனார்.