புகை பார்க்கிற உத்தியோகம்

டீசல் மெக்கானிக் என்றால் எஞ்சினைத் திருத்துகிறவன் என்று யாராவது இன்னும் நம்பிக்கொண்டிருந்தால், தயவுசெய்து அந்த நம்பிக்கையைக் கைவிடுங்கள். நாங்கள் இப்போது எஞ்சின் விடுகிற மூச்சைத் திருத்துகிறவர்கள். பதினெட்டு வருடமாக மொன்றியலில் ஒரே கராஜில் ட்ரக்குகளுக்குக் கீழே மல்லாந்து கிடக்கிறேன். முன்பெல்லாம் சத்தத்தைக் கேட்டே எஞ்சினுக்கு என்ன வருத்தம் என்று சொல்லிவிடுவோம். இப்போது எஞ்சின் கல்லுக்குண்டு மாதிரி இருக்கும், ஆனால் புகைக்குழாயில் இருக்கிற ஏதோ ஒரு சென்சருக்கு மனம் சரியில்லாமல் போய், வண்டி நடுறோட்டில் நடைவேகத்துக்கு இறங்கிவிடும். ட்ரக் ஓட்டுகிற, ட்ரக் திருத்துகிற, ட்ரக்குக்காரனைக் கட்டிக்கொண்டு சாப்பாட்டைச் சூடாக்கிச் சூடாக்கிக் காத்திருக்கிற சக பாவிகளே, இது உங்களுக்காக.

காற்று சுத்தமாக இருக்கவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. அந்தக் கரியை உங்கள் எல்லோரையும்விட நான்தான் கூடுதலாக மூக்கால் சிந்தியிருக்கிறேன். என் எரிச்சல் வேறு. அது கடைசியில் விளங்கும்.

வெங்காயத்துக்குப் போட்ட யூரியா

புது எஞ்சின்களுக்கு டீசலோடு இன்னொரு திரவமும் ஊற்றவேண்டும். நீல மூடி போட்ட தனித் தாங்கி. அந்தத் திரவம் யூரியாவும் தண்ணீரும்தான். அது புகையில் உள்ள நஞ்சை முறிக்கும், அது இல்லாவிட்டால் ட்ரக் ஓடாது. இந்த இரகசியத்தை நான் ஒரு நாள் வாய் தவறி பாலாவிடம் சொல்லிவிட்டேன். பாலாவுக்குச் சொந்தமாக ஒரு ட்ரக். ஊரில் வெங்காயம் செய்த குடும்பம். சண்டைக் காலத்துப் பொருளாதாரத் தடையில், பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஆள். அப்படிப்பட்டவரிடம் "இது வெறும் யூரியாதான் அண்ணை" என்று சொன்னது என் பிழை.

அடுத்த மாதம் பாலாவின் ட்ரக்கை இழுத்துக்கொண்டு வந்தார்கள். திரவம் போகிற குழாயைக் கழற்றினால், உள்ளே கல்லுப்பு மாதிரி வெள்ளை வெள்ளையாக இறுகிக் கிடந்தது. தோட்டக் கடையில் யூரியாப் பசளை மூடை வாங்கி, குளியலறை வாளியில் குழாய்த் தண்ணீர் விட்டுக் கரைத்து, மனிசியின் பழைய சேலையால் வடித்து ஊற்றியிருக்கிறார். பம்ப், ஊசி, சென்சர் எல்லாம் போய்விட்டன. நான் ஒவ்வொன்றாகக் கழற்றி மேசையில் வைக்க வைக்க, மனுசன் முகத்தில் ஒரு துளி வெட்கம் இல்லை. எனக்குத்தான் ஏச்சு விழுந்தது: "ஆமிக்காரன் யூரியாவை மறிச்ச காலத்திலையே நாங்கள் பயிர் செய்தனாங்கள். கனடாக்காரன்ர ட்ரக்குக்கு என்ன அவ்வளவு செருக்கு?"

சுவரில் மாட்டின சேர்டிபிகேட்

கலிபோர்னியாவுக்குள் போகிற பெரிய டீசல் ட்ரக்குகள், எந்த நாட்டில் பதிந்தவையாக இருந்தாலும், புகைச் சோதனை தேறியிருக்கவேண்டும் என்று அந்த மாநிலம் சட்டம் கொண்டுவந்தது. சோதிக்கிறவர் அங்கேதான் இருக்கவேண்டும் என்றில்லை. இணையத்தில் பாடம் படித்து, பரீட்சை எழுதித் தேறினால் மொன்றியலில் இருந்தபடியே சோதித்துப் பதிவு செய்யலாம். என் முதலாளி மார்செல் இதைக் கேள்விப்பட்ட அன்றே என் பெயரைக் கொடுத்துவிட்டார். மனுசனுக்கு ஆங்கிலம் வாசிக்கப் பஞ்சி. எனக்கு மட்டும் என்ன, ஆங்கிலம் தாய்ப்பாலா? இரண்டு கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரமெல்லாம் எண்ணெய்க் கையோடு படித்துத் தேறினேன்.

மார்செல் சேர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு, காசு வாங்குகிற மேசைக்கு மேலே மாட்டினார். இரண்டு அடி தள்ளி நின்று பார்த்தார். பிறகு பிரெஞ்சில் சொன்னார்: "மூன்று பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினேன், கடைசியில் சுவரில் மாட்ட உன்னுடையதுதான் கிடைத்தது."

செருப்புக்குக் காட்டிய தீபம்

கனகசபை ஐயா விமானத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர், மொன்றியலுக்குப் பக்கத்தில் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வீடு. பெரிய டீசல் ஆர்வி ஒன்று வாங்கினார். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ள ஓடுகிற வீடு. மனைவியோடு அமெரிக்கா முழுக்கச் சுற்றி, கலிபோர்னியாவில் இருக்கிற மகளிடம் போய் இறங்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. வாங்குமுன் வண்டியைப் பார்த்துக் கொடுத்தவன் என்பதால் கோயிலில் வண்டிக்குச் செய்கிற பூசைக்கு என்னையும் வரச் சொன்னார். ரயருக்குக் கீழே எலுமிச்சம்பழம், கண்ணாடியில் சந்தனம், ஐயர் தீபாராதனை, எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

இந்த வண்டிகளில் கரி பிடிக்கிற பில்டர் ஒன்று இருக்கிறது. கரி நிரம்பினால் வண்டியை நிறுத்தி வைத்து, ஒரு பொத்தானை அமத்தி, உள்ளேயே எரித்து முடிக்கவேண்டும். அப்போது புகைக்குழாயால் வருகிற காற்று, அப்பளம் பொரிக்கலாம் போல இருக்கும். பூசை முடிந்து ஐயா சாவி போட்டதும் அந்தப் பொத்தான் மினுங்கியிருக்கிறது. மினுங்கினால் அமத்தவேண்டும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். எங்கே வைத்து அமத்தக்கூடாது என்று சொல்ல மறந்துவிட்டேன். ஐயா அமத்திவிட்டுப் பிரசாதம் வாங்கப் போய்விட்டார். குழாயின் வாய், பக்தர்கள் கழற்றி வைத்த செருப்பு வரிசையைப் பார்த்தபடி இருந்தது. நாங்கள் மணந்து பிடித்து ஓடி வருவதற்குள் பதினைந்து சோடி ஒன்றோடொன்று ஒட்டிப் பாயாகிவிட்டது. ஐயர் தன் செருப்பை அடையாளம் காண முயன்று, முடியாமல் நிமிர்ந்து சொன்னார்: "வாகனத்துக்கு நாங்கள்தான் தீபம் காட்டுறது ஐயா, வாகனம் எங்களுக்குக் காட்டுறேல்லை."

பின்னால் கட்டில்

செருப்புகளுக்கு ஈடு செய்து முடித்த கையோடு கனகசபை ஐயா கராஜுக்கு வந்தார். கலிபோர்னியா தன் வண்டியை உள்ளே விடுமா என்று அவருக்குப் பயம். நான் கணினியைத் திறந்து விதியைத் தேடி வாசித்தேன். வெளியூரில் பதிந்த, சொந்தப் பாவனைக்கான ஆர்விக்கு அந்தச் சோதனை தேவையில்லை. சுற்றிப் பார்க்க வருகிறவர் சும்மா வரலாம். கரி அவருடைய குழாயாலும்தான் வரும், அது வேறு கதை.

அந்த நேரம் பக்கத்துக் கதிரையில் யோகன் அண்ணை இருந்தார். மொன்றியலில் வில்லரேப் பக்கம் இருக்கிறார். பதினைந்து வருடமாக மற்றவர்களுடைய ட்ரக்கில் கலிபோர்னியாவுக்குப் போய் மரக்கறி ஏற்றி வந்த ஆள். முதல் முறையாகச் சொந்த ட்ரக் ஒன்று, பழையதுதான், வாங்கியிருந்தார். அவரை நம்பி ஒரு மரக்கறி வியாபாரி தொடர்ந்து லோட் தருவதாகச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை முதல் பயணம். அதற்குமுன் நான் சோதித்து "சரி" என்று பதியவேண்டும். விதியை நான் ஐயாவுக்கு விளக்கி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் மெல்லச் சொன்னார்: "அப்ப என்னையும் சும்மா விடச் சொல்லு தம்பி, எனக்கும் ட்ரக்கில சீட்டுக்குப் பின்னால கட்டில் கிடக்குத்தானே."

இடது கை ஒட்டு

யோகன் அண்ணையின் எஞ்சின் கொஞ்சம் பழைய வருடம். அதனால் கணினியைக் கொளுவிப் பார்த்தால் மட்டும் போதாது. புகை அளக்கிற கருவியை வைத்து அளந்து, கீழே படுத்துக் கண்ணாலும் பார்க்கவேண்டும். பெடலை மிதித்த முதல் தடவையே கருவி காட்டிக் கொடுத்துவிட்டது. பில்டர் உள்ள ட்ரக் இப்படிப் புகைக்காது. கீழே போனேன். பில்டரின் பெட்டி அதன் இடத்தில்தான் இருந்தது, ஆனால் அதைச் சுற்றி ஒரு வெல்டிங் ஒட்டு ஓடியது. யாரோ பெட்டியை வெட்டி, உள்ளே இருந்ததை எறிந்துவிட்டு, வெறும் குழாயைச் செருகி, வெளியே தெரியாமல் ஒட்டி மூடியிருக்கிறார்கள். டோர்ச்சைக் கிட்டப் பிடித்தேன். ஒட்டின் வரி வலத்திலிருந்து இடத்துக்கு ஓடியது. முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு சுழி.

இடது கையால் ஒட்டுகிறவன் இந்தக் கராஜில் நான் ஒருவன்தான். அந்தச் சுழியும் என்னுடையதுதான். அப்படி முடித்தால் வெடிக்காது என்று நானே கண்டுபிடித்துப் பெருமைப்பட்ட சுழி. ஏழெட்டு வருடத்துக்கு முன், அடைத்து அடைத்துச் செலவு வைக்கிறது என்று ட்ரக்குக்காரர் கொண்டுவருகிற பில்டரைக் கழற்றுவதுதான் எங்கள் கராஜின் பெரிய வரும்படி. சட்டம் அப்போதும் கூடாதென்றுதான் சொன்னது, பார்க்க ஆளில்லை. மார்செல் சொன்னார், நான் வெட்டினேன். எத்தனை என்று எண்ணவில்லை. அதில் ஒன்று யார் யாருடைய கையெல்லாமோ மாறி, எங்கள் சனத்தில் ஒருவருடைய வாழ்க்கைச் சம்பாத்தியமாகத் திரும்பி வந்து என் தலைக்கு மேலே நிற்கிறது. எழும்ப மனமில்லாமல் அப்படியே கிடந்தேன். மார்செல் குனிந்து பார்த்தார். அவருக்கும் அந்த ஒட்டு விளங்கியது. வெளியே தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்ற யோகன் அண்ணையை ஒரு முறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நீ வெட்டியது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், கலிபோர்னியாவிலிருந்து எவனும் வந்து இதற்குக் கீழே படுக்கப் போவதில்லை, சரி என்று போடு."

பேயன்

நான் "சரி" போடவில்லை. நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள். பயம். போகிற வழியில் எங்காவது மறித்துத் திரும்பச் சோதித்தால், பதிவில் நிற்பது என் பெயர். சேர்டிபிகேட் போய்விடும். மார்செல் கழற்றச் சொன்னபோது வேலைக்குப் பயந்து கழற்றினேன்; இப்போது சேர்டிபிகேட்டுக்குப் பயந்து "தேறவில்லை" என்று பதிந்தேன். அதே பயம்தான், வேறு சட்டை.

யோகன் அண்ணையிடம் பில்டர் உள்ளே இல்லை, முன்பு யாரோ கழற்றிவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். அந்த "யாரோ" என்ற சொல் என் வாயிலிருந்து எவ்வளவு இலகுவாக வந்தது என்று நினைக்க இன்றைக்கும் என்னை எனக்கே பிடிக்கவில்லை. மனுசன் ட்ரக்கின் முன் ரயரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். பிறகு, ட்ரக்கை விற்றவனை விட்டுவிட்டு, பில்டரைக் கழற்றினவனை ஏசத் தொடங்கினார். அவனுடைய அப்பன், பாட்டன், பிறக்கப்போகிற பிள்ளை ஒருவரையும் விடவில்லை. நான் ஸ்பானரைத் துடைத்தபடி தலையாட்டிக்கொண்டு நின்றேன். ஏசிக் களைத்ததும் என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "எந்தப் பேயன் இதைச் செய்தவனோ, அவன்ர கையைப் பிடிச்சு அடுப்பில வைக்கவேணும், என்ன தம்பி?"

மட்டன் ரோல்ஸ்

புதுப் பில்டர், சென்சர்கள், அழித்துவிட்ட புரோகிராம் எல்லாவற்றையும் திரும்பப் போட ட்ரக் வாங்கின விலையில் பாதி வேண்டும். கூலி வேண்டாம், நான் சனி ஞாயிறில் செய்து தருகிறேன் என்றேன். சாமான்தான் விலை, கூலியா விலை? வங்கி கைவிரித்தது. மரக்கறி வியாபாரி இரண்டு கிழமை பார்த்தார். அவரையும் குறை சொல்ல முடியாது, கீரை ஆருக்காகவும் காத்திருக்காது. லோட் வேறு ஆளுக்குப் போனது. திருத்தக் காசில்லாமல் விற்ற ட்ரக்கை உதிரிப்பாகக்காரன் கொண்டுபோனான். யோகன் அண்ணை பழையபடி இன்னொருவருடைய ட்ரக்குக்கு ஸ்டியரிங் பிடிக்கப் போனார், ஐம்பத்தாறு வயதில்.

ட்ரக் போன அடுத்த நாள் கராஜுக்கு வந்தார். கையில் ஒரு பெட்டி. அவருடைய மனைவி எனக்கென்று செய்து அனுப்பிய மட்டன் ரோல்ஸ். "வேற ஆளெண்டா பாஸ் போட்டு அனுப்பியிருப்பான், நான் நடுவழியில மாட்டுப்பட்டிருப்பன். நீ உண்மையைச் சொன்னனி. அதுதான் மனிசி குடுத்துவிட்டவ" என்றார். ரோல்ஸ் இன்னும் சூடாக இருந்தது. ஒன்றைக் கையில் எடுத்தேன். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை.

அதைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டுச் சொன்னேன். ஒட்டு, சுழி, மார்செல், எல்லாம் சொன்னேன். யோகன் அண்ணை ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எவ்வளவோ நல்லாயிருந்திருக்கும். என் இடது கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பெட்டியைத் திருப்பி எடுக்கவில்லை. கதவுவரை போய் நின்று, சத்தம் போடாமல் கேட்டார்: "கழட்டினதும் நீதான், கழட்டினதைப் பிடிச்சதும் நீதான், ரெண்டுக்கும் உனக்குச் சம்பளம் வந்தது, இடையில நான் என்ன தம்பி பிழை செய்தனான்?"

அன்றிலிருந்து எந்த ட்ரக் வந்தாலும், பில்டரில் கரி இருக்கிறதா என்று பிறகுதான் பார்க்கிறேன், ஒட்டு யாருடைய கை என்றுதான் முதலில் பார்க்கிறேன்.