ரியாலினுக்கு ஒரு பக்கம்

எங்கள் ஊரில் யாருக்கு எது எழுத வேண்டியிருந்தாலும் ரியாலினைத்தான் தேடுவார்கள். கல்யாண வாழ்த்து, இரங்கல் உரை, துபாயில் இருக்கும் மச்சானைத் திட்டி ஒரு செய்தி, எல்லாம் அந்தப் பதினாறு வயதுப் பெண்ணின் கைவண்ணம். பள்ளிப் பத்திரிகையில் தலையங்கமும் அவள்தான். கார்ட்டூன் போடுகிறவனுக்குக்கூடப் பெயர் போடுவார்கள். தலையங்கம் மட்டும் பத்திரிகையின் குரலாம், அதற்குப் பெயர் கிடையாது. நன்றாக எழுதுகிற பிள்ளையிடம் அந்த வேலையைக் கொடுத்து, அவள் பெயரையும் மறைக்கிற வழக்கத்தைக் கண்டுபிடித்தவர் யாரோ, என் கையில் ஒரு நாள் கிடைக்கட்டும்.

இதெல்லாம் அவளை உறுத்தவில்லை, இலோயிலோ நகரத்தில் இளம் எழுத்தாளர் பட்டறை என்று அறிவிப்பு வரும்வரை. அதில் எழுதுகிற கதைகளைப் பிறகு புத்தகமாகப் போடுவார்கள். ஆனால் சேர வேண்டுமென்றால், சொந்தப் பெயரில் அச்சான படைப்பு ஒன்றாவது காட்ட வேண்டும். எழுதிக் குவித்தவளிடம் அப்படி ஒன்றுகூட இல்லை. வார இதழ்களுக்கு அனுப்பினாள், பதில் வரவில்லை. தலையங்கத்தின் கீழே உன் பெயரைச் சேர்த்து அனுப்பு, யாருக்குத் தெரியப் போகிறது என்று அவள் அம்மாவே சொன்னாள். அது பத்திரிகையுடையது என்று ரியாலின் மறுத்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில் ஊர்த் திருவிழா மலர் வேலை தொடங்கியது. விளம்பரம் பிடிப்பதும் அச்சகத்துக்கு அலைவதும், ரியாலின் தித்தா, அதாவது அத்தை, என்று கூப்பிடும் என் தலையில். மலரில், கபித்தானா என்று நாங்கள் கூப்பிடும் ஊர்த் தலைவி லுட்கார்டாவின் வாழ்த்துச் செய்தி வருஷா வருஷம் வரும். அவருக்குப் பேச வரும், எழுத வராது. வழக்கம்போல ரியாலினைக் கூப்பிட்டார். எழுதித் தருகிறேன், ஆனால் என் பெயரில் ஒரு பக்கம் வேண்டும் என்றாள் அவள். வாய் திறந்து அவள் ஒன்று கேட்டு அன்றுதான் பார்த்தேன். கபித்தானா சிரித்தபடி ஒப்புக்கொண்டார்.

தன் பக்கத்துக்கு, மீன்பிடிக்கப் போகும் அப்பாவைப் பற்றி எழுதினாள். படித்துவிட்டு நான் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

கடைசி நேரத்தில் அரிசி ஆலைக்காரர் முழுப் பக்க விளம்பரம் கொடுத்தார். திருவிழாச் சாப்பாடு அந்தப் பணத்தில்தான் வேக வேண்டும். பக்கங்களைக் கூட்ட முடியாது, ஏதாவது ஒன்றை எடுத்தாக வேண்டும் என்றார் அச்சகத்துக்காரர். தலைவியின் வாழ்த்தில் கை வைக்க முடியாது, மற்றதெல்லாம் காசு வாங்கிய பக்கங்கள்.

"பரவால்ல தித்தா, என்னோடதை எடுத்துருங்க," என்றாள் ரியாலின். முகம் சுண்டிவிட்டது. விண்ணப்பிக்க அந்த வாரம்தான் கடைசி.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நேரே கபித்தானா வீட்டுக்குப் போய் அந்தக் கட்டுரையை நீட்டினேன். எழுத்துக்கூட்டி, நின்றபடியே முழுவதும் படித்தார்.

"இது இருக்கட்டும். என் வாழ்த்தைத் தூக்கிரு," என்றார்.

எனக்கே பயமாகிவிட்டது. தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது, ரோடெல் அவரை எதிர்த்து நின்றான். "அந்த ரோடெல் சும்மா இருப்பானா? உங்களுக்கு எழுதத் தெரியாதுன்னு ஊரெல்லாம் சொல்லுவானே."

"சொல்லட்டும்டி. பொய்யா சொல்றான்?"

அச்சான அன்றே அந்தப் பக்கத்தை இணைத்து ரியாலின் விண்ணப்பித்தாள். இடமும் கிடைத்தது. ஆனால் எனக்கு மறக்காதது திருவிழா நாள்தான்.

கபித்தானா மேடையேறி ஒலிபெருக்கியைப் பிடித்ததும், எதிர்பார்த்தபடியே ரோடெல் கீழேயிருந்து குரல் கொடுத்தான். "கபித்தானா, இந்த வருஷம் வாழ்த்து எழுத ஆள் கிடைக்கலையா?" அவனோடு வந்தவர்கள் சிரித்தார்கள். பன்சித் நூடுல்ஸ் பரிமாறிக்கொண்டிருந்த ரியாலின் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"ஆள் கிடைச்சாளே. அவ சொந்த எழுத்து என்னோடதைவிட நல்லாருந்துச்சு, அதைப் போட்டோம்," என்றார் கபித்தானா. "போன வருஷ வாழ்த்தைப் படிச்சிட்டு நீ என் கையைப் பிடிச்சுப் பாராட்டினியே ரோடெல், அதுவும் அவ எழுதினதுதான். அவ பேரு ரியாலின் பாடோஹினோக். அதோ நிக்கிறா, இப்ப அவ கையைப் பிடிச்சுச் சொல்லு."